சுருட்டி எடுத்துப்போன மலை

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக மலை பார்க்கப் புறப்பட்டபோது, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு மலையைச் சுருட்டிக் கையோடு எடுத்துக்கொண்டுதான் போனோம். அதைத் தோளில் சுமந்தவன் நான். எனக்கு அப்போது ஒன்பது வயது. மலை என்னைவிட நீளமாக இருந்தது.

சுவிஸில் பிறந்து வளர்ந்த பிள்ளை ஒன்பது வயதுவரை மலையைக் கிட்டப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்க்கவில்லை. சோலோதுர்னில் எங்கள் வீட்டைப் பொறுத்தவரை மலை என்பது மற்றவர்கள் விடுமுறைக்குப் போகிற இடம். நாங்கள் விடுமுறைக்கு லண்டனுக்கும் பாரிசுக்கும் போனோம். அங்கே சொந்தக்காரர் ஒருவரின் சோபாவில் உட்கார்ந்து, எங்கள் வீட்டில் சாப்பிடுகிற அதே சோற்றையும் கறியையும் சாப்பிட்டுவிட்டு, கோபுரத்தையோ பாலத்தையோ கார் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். பள்ளிக்கூடத்தில் ஒருமுறை சுற்றுலா கூட்டிப்போனார்கள். அது பாற்கட்டி செய்கிற இடம். நான் வாசலிலேயே வாந்தி எடுத்ததால் உள்ளே என்ன இருந்தது என்று இன்றுவரை தெரியாது.

இந்தக் கதை என் சித்தப்பாவின் கல்யாணத்தில் தொடங்குகிறது. அப்பாவின் தம்பியான அவர், நான் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே சுவிஸுக்கு வந்து எங்களோடு ஒரே வீட்டில் இருந்தார். விடியுமுன் எழும்பி முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறைக்குப் போவார். பின்னேரம் வந்து ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிட்டு அலுவலகங்கள் துப்புரவு செய்யப் போய்விடுவார். ஞாயிறுகளிலும் அப்படித்தான். சனிக்கிழமை ஒன்றுதான் அவர் தூங்குகிற நாள். வீட்டில் அவரைவிட அவருடைய சப்பாத்துகளைத்தான் நாங்கள் அதிகம் கண்டோம். ஆனால் கண்ட நேரமெல்லாம் வாய் மூடமாட்டார். தூங்கும்போதுகூட ஏதாவது பகிடி சொல்லிக்கொண்டுதான் இருப்பார் என்று அம்மா சொல்வார்.

யாழ்ப்பாணத்திலிருந்து பெண்ணின் படம் வந்தது. ஸ்டூடியோவில் எடுத்த படம். நீலச் சேலையில் ஒல்லியாக ஒருவர் நின்றார். அவருக்குப் பின்னால், ஸ்டூடியோத் திரையில், வரிசையாக மஞ்சள் மரங்கள், அவற்றுக்கு மேல் பனி மூடிய மலை, கீழே ஒரு குளம். குளத்தில் அன்னம். வரைந்தவர் அன்னத்தில் கொஞ்சம் தாராளமாக இருந்துவிட்டார். அது நினைத்தால் மலையை விழுங்கிவிடலாம் போலிருந்தது. பதிலுக்குச் சித்தப்பா தன் படத்தை அனுப்பினார். யாருடையதோ ஒரு சிவப்புக் காரில் சாய்ந்துகொண்டு நிற்கிற படம்.

பிறகு தொலைபேசியில் கதைத்தார்கள். அந்தப் பக்கத்திலிருந்து வெட்கத்தோடு ஒரு கேள்வி வந்தது.

"நீங்கள் இருக்கிற இடமும் என்ரை படத்திலை இருக்கிற மாதிரியோ?"

"ஓம், ஓம். எங்கடை வீட்டுக்குப் பின்னாலைதான்" என்றார் சித்தப்பா.

தொலைபேசி அட்டையில் ஒரு நிமிடமும் இல்லை, அதற்குள் உண்மை சொல்ல எங்கே நேரம் என்பது பிற்பாடு அவர் தரப்பு வாதம். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்தவை: ரயில் தண்டவாளம், சைக்கிள்கள் விடுகிற சாம்பல் நிறக் கொட்டகை, குப்பைத் தொட்டிகள்.

சித்தப்பாவின் விசாவோடு இலங்கைக்குப் போகமுடியாது. அதனால் கல்யாணம் திருச்சியில் நடந்தது. சித்தி கோடை முடிகிற சமயம் சுவிஸ் வந்து இறங்கினார். என்னுடைய அறையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு என்னை வரவேற்பறைச் சோபாவுக்கு மாற்றினார்கள். நாட்டைவிட்டு அனுப்பப்பட்ட மன்னனைப் போல நான் நடந்துகொண்டேன். ஆனால் உள்ளே கறி வைத்துச் சித்தி சுடுகிற ரோல்ஸின் வாசனைக்கு முன்னால் எந்த மன்னனும் நிற்கமுடியாது. ஒரு கிழமையிலேயே சரணடைந்துவிட்டேன். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நானும் அவரும் சீட்டுக் கடுதாசி விளையாடுவோம். நான் களவு விளையாடுவேன். அவர் அதைக் கண்டும் காணாமல் விட்டு, கடைசியில் என்னைவிடப் பெரிய களவு விளையாடி வெல்வார்.

வந்த புதிதில் சித்தி எதுவும் கேட்கவில்லை. பிறகு ஒருநாள் பின்பக்க ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு, கையில் அந்தப் படத்தையும் வைத்துக்கொண்டு, இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த சித்தப்பாவிடம் திரும்பினார்.

"இஞ்சேருங்கோ. அன்னம் எங்கை?"

சித்தப்பா சளைக்கவில்லை. அந்தச் சனிக்கிழமை தூக்கத்தை விட்டுவிட்டு, ஆரே ஆற்றங்கரைக்கு அவரைக் கூட்டிப்போய் உண்மையான அன்னங்களையே காட்டிவிட்டார்.

"சரி. அன்னம் இருக்கு. மலை?"

மலையும் ஒன்று இருந்தது, ஊருக்கு வடக்கே. ஆனால் அதைக் காட்டுவதற்குள் புரட்டாதி போய் ஐப்பசி வந்துவிட்டது. ஐப்பசியோடு சேர்ந்து மூடுபனியும் வந்தது, எங்கள் பேச்சில் புகார். சோலோதுர்ன் பக்கத்து மூடுபனியைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அது வந்து போகிற பனி அல்ல, வந்து குடியிருக்கிற பனி. வானம் என்று ஒன்று இல்லாமல் போகும். கொட்டகை தெரியாது. ரயில் சத்தம் மட்டும் வரும். காலையும் பின்னேரமும் ஒரே நிறத்தில் இருக்கும். சித்தி ஜன்னலில் நின்று கேட்பார்.

"மலை எங்கை?"

"அங்காலை இருக்கு."

"எங்காலை?"

"புகாருக்குப் பின்னாலை."

"நானும் வந்த நாள் தொடக்கம் பாக்கிறன். உங்கடை நாட்டிலை எல்லாம் பின்னாலைதான் இருக்கு."

அந்தச் சமயத்தில்தான் கனடாவிலிருந்து சித்தியின் அண்ணன் அடிக்கடி தொலைபேசி எடுக்கத் தொடங்கினார். இங்கே வந்து எங்களோடு இரேன், கொஞ்ச நாள் இருந்துவிட்டு யோசி, விமான ரிக்கற் நான் போடுகிறேன் என்றார். ஒருநாள் அலுமாரிக்கு மேலிருந்த சித்தியின் பெட்டி கீழே இறங்கியிருந்தது. என் பழைய அறையின் மூலையில் அது திறந்து கிடந்தது. ஒவ்வொரு நாளும் நான் எட்டிப் பார்ப்பேன். ஒரு சேலை கூடியிருக்கும். பிறகு ஒரு துவாய். பிறகு அம்மன் படம். பெட்டி போனால் அறை எனக்குத் திரும்பக் கிடைக்கும் என்று மனதின் ஒரு பக்கம் கணக்குப் போட்டது. இன்னொரு பக்கம் ரோல்ஸை நினைத்து அழுதது. நான் அவ்வளவு உயர்ந்த பிள்ளை.

அம்மாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. கோயில் ஆட்கள் பஸ் பிடித்து மலைக்குப் போகிறார்களாம், வாரும், நான் கூட்டிக்கொண்டு போறன் என்று சித்தியிடம் சொல்லிப் பார்த்தார்.

"இல்லை அக்கா. பின்னாலை இருக்கெண்டு சொன்னவர்தானே. அவர்தான் காட்டவேணும்" என்றார் சித்தி. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். "தீபாவளிக்கிடையிலை காட்டட்டும். இல்லாட்டி நான் அண்ணையிட்டைப் போறன்."

சித்தப்பா பயந்துபோனார். பயந்தால் மற்றவர்கள் யோசிப்பார்கள். அவர் தந்திரம் செய்வார். பாசலில் தமிழ்க் கல்யாணங்களுக்கு மண்டப அலங்காரம் செய்கிற நண்பர் ஒருவர் அவருக்கு இருந்தார். அவரிடமிருந்து ஒரு திரைச்சீலையை இரவல் வாங்கி வந்துவிட்டார். விரித்தால் ஒரு சுவர் நீளம். மஞ்சள் மரங்கள், பனிமலை, குளம், அன்னம். யாழ்ப்பாணத்து ஓவியருக்கும் பாசல் ஓவியருக்கும் ஒரே குரு போலும்.

திட்டம் இதுதான். சனிக்கிழமை காலை, சித்தி குளிக்கிற நேரம், அதை வீட்டுக்குப் பின்னால் சைக்கிள் கொட்டகையில் கட்டிவிடுவது. பிறகு சித்தியைக் கூப்பிட்டு அதற்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்து யாழ்ப்பாணத்துக்கு மாமியாருக்கு அனுப்புவது. "வீட்டுக்குப் பின்னாலை எண்டு நான் சொன்னது அப்ப உண்மையாகிடும். அவவும் சிரிச்சிடுவா. சிரிச்சா பிரச்சினை முடிஞ்சுது" என்றார் சித்தப்பா. அப்போது எனக்கு அது அபாரமான திட்டமாகத் தெரிந்தது. ஒரு கட்டிச் சொக்கலேட்டுக்கு நான் உதவியாளன் ஆனேன்.

நான் ஒரு மூலையைப் பிடித்தேன். சித்தப்பா ஏணியில் நின்று மறு மூலையைக் கட்டினார். மூடுபனிக்குள்ளிருந்து அப்வார்ட் வந்தார். எங்கள் கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிறவர். குப்பையைத் தவறான நாளில் வைத்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடியவர். கொட்டகையில் எதையும் தொங்கவிடக்கூடாது, உடனே இறக்கு என்று ஜெர்மனில் கத்தினார். சித்தப்பா ஏணியில் இருந்தபடி கேட்டார்.

"என்னடா சொல்லுறார்?"

"நல்ல வடிவாம்" என்றேன் நான்.

சித்தப்பா அப்வார்டைப் பார்த்துக் கும்பிட்டு நன்றி சொன்னார். அப்வார்டின் முகம் இன்னும் சிவந்தது. பிறகு அவர் பார்வை திரையில் நின்றது. கிட்ட வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு மஞ்சள் மரத்தை விரலால் தொட்டார். இது லேர்ஹெ மரம் என்றார். தன்னுடைய ஊர் வாலிஸில் மலை முழுக்க இதுதான், இந்தக் கிழமை போனால் இப்படித்தான் நிற்கும், இந்த மூடுபனியெல்லாம் அங்கே கிடையாது, மேலே ஒரே வெயில் என்றார். குரல் தணிந்திருந்தது. "ஆனால் இந்த அன்னம் அங்கே இல்லை."

இதை நான் சரியாகவே மொழிபெயர்த்தேன். அப்போதுதான் மேலே ஒரு ஜன்னல் திறக்கிற சத்தம் கேட்டது. தலையில் துவாயோடு சித்தி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"அன்னத்தை இன்னும் கொஞ்சம் உயத்திப் பிடியுங்கோ" என்றார். ஜன்னலைச் சாத்திவிட்டார்.

சிரிக்கவில்லை. அன்று பின்னேரம் நான் எட்டிப் பார்த்தபோது பெட்டி மூடிப் பூட்டப்பட்டு நின்றது. நாளைக்கு ஞாயிறு, அண்ணனுக்குத் தான் தொலைபேசி எடுக்கப்போவதாக அம்மாவிடம் சித்தி சொன்னதும் காதில் விழுந்தது.

சித்தப்பா ஏணியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, சமையலறைக் கதிரையில் வந்து உட்கார்ந்தார். பிறகு தன்னோடு வேலை செய்கிற போர்த்துக்கேயருக்குத் தொலைபேசி எடுத்து, ஞாயிற்றுக்கிழமை வேலையை மாற்றிக்கொண்டார். அவர் அப்படி ஒரு நாளை மாற்றி நான் பார்த்ததில்லை. அப்பாவும் பார்த்ததில்லை போலிருக்கிறது. காய்ச்சலா என்று கேட்டார்.

ஞாயிறு காலை சித்தப்பா, சித்தி, நான் மூன்று பேரும் அப்வார்ட் சொன்ன வாலிஸுக்குப் புறப்பட்டோம். எனக்குப் பதவி, மொழிபெயர்ப்பாளன். அம்மா ரோல்ஸும் பிளாஸ்கில் தேத்தண்ணியும் கட்டித் தந்தார். வாசலில் சித்தப்பா திரைச்சீலைச் சுருளை மெல்லக் கதவுக்குப் பின்னால் தள்ளுவதைச் சித்தி கண்டார்.

"அதையும் கொண்டு வாங்கோ. பக்கத்திலை வைச்சுப் பாப்பம், எது உண்மையெண்டு."

சித்தப்பா உள்ளுக்குள் மகிழ்ந்தார் என்பது என் சந்தேகம். அங்கே போய் ஒன்றும் இல்லாவிட்டால்? இப்படித்தான் மலை என் தோளுக்கு வந்தது. ரயிலில் பரிசோதகர் அந்தச் சுருளைப் பார்த்து, இது என்ன என்றார். மலை என்றேன். மலைக்கும் அரை ரிக்கற்றா என்று கேட்டுவிட்டுப் போனார்.

பேர்ன் வரைக்கும் மூடுபனி. பேர்னுக்கு அப்பாலும் பனி. ஜன்னலில் ஒன்றுமில்லை; நடுவே ஒரு வேலி, ஒரு மாடு, ஒரு கம்பம் வந்து வந்து அழிந்தன. சித்தி கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி இருந்தார். சித்தப்பா வெள்ளைச் சட்டையும் கல்யாணச் சப்பாத்தும் போட்டிருந்தார். மூன்று பகிடி சொன்னார். ஒன்றுக்கும் சிரிப்பு வரவில்லை. நாலாவதை அவரே விழுங்கிவிட்டார். பிறகு ரயில் நீளமான ஒரு சுரங்கத்துக்குள் நுழைந்தது. காது அடைத்தது. கண்ணாடியில் எங்கள் மூன்று முகங்களும் எண்ணெய் வடிந்து தெரிந்தன.

சுரங்கம் முடிந்தது.

அதை எப்படிச் சொல்வது? யாரோ எங்கள் தலையிலிருந்து ஒரு சாக்கை இழுத்து எடுத்தது போல இருந்தது. பெட்டிக்குள் இருந்த எல்லோருமே ஒரே நேரத்தில் கண்ணைச் சுருக்கினார்கள். எதிரே இருந்த கிழவர் தொப்பியை முன்னால் இழுத்துவிட்டார். வெயில். ஆசனத்தில் வெயில், சித்தியின் காப்பில் வெயில், பிளாஸ்கில் வெயில். வானம் நீலமாக இருந்தது. வானம் நீலம் என்பதை நான் அந்தச் சில கிழமைகளில் மறந்தே போயிருந்தேன். சித்தி கையால் கண்களைப் பொத்திக்கொண்டு, விரல்களுக்கிடையால் பார்த்தார்.

ரயிலை விட்டு இறங்கி ஒரு மஞ்சள் பஸ்ஸில் ஏறினோம். அது பாறைச் சுவரை ஒட்டி ஏறிக்கொண்டே போனது. குருட்டு வளைவுகளில் எல்லாம் மூன்று சுரத்தில் ஊதியது. முதலில் கீழே பச்சை. பிறகு பச்சைக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக மஞ்சள். பிறகு ஒரு வளைவில் பஸ் திரும்பியதும் பள்ளத்தாக்கின் மறுகரை முழுவதும் கண்ணுக்கு முன்னால் எழும்பி நின்றது.

எனக்கு வர்ணனை வராத வயது. இப்போதும் வராது. "பருப்புக் கறி" என்று கத்தினேன். பஸ்ஸில் வேறு யாருக்கும் விளங்காதது என் அதிர்ஷ்டம். ஆனால் அந்த நிறம்தான் அது, அடுப்பிலிருந்து இறக்கிய பருப்பின் மஞ்சள், அதற்குள்ளே ஒரு விளக்கை வைத்தால் எப்படியிருக்கும், அப்படி. மலைச் சரிவு முழுக்க மரம் மரமாக நின்றது. கிறிஸ்மஸ் மரம் என்றால் எப்போதும் பச்சை என்றுதான் எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்திருந்தார்கள். அதே வடிவத்தில், அதே ஊசியிலைகளோடு, ஆயிரம் மரங்கள் மஞ்சளாகி நின்றதைப் பார்த்தபோது, என் ஆசிரியைக்கு இதைத் தெரிவிக்கவேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது.

"மேலையிருந்து பழுத்துக்கொண்டு வருது" என்றார் சித்தி. வீட்டை விட்டு வெளிக்கிட்ட பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

உண்மைதான். உச்சியில், பாறைக்குப் பக்கத்தில் நின்ற மரங்கள் செங்காவியாகிவிட்டிருந்தன. நடுவில் நின்றவை பொன். கீழே ஆற்றங்கரையில் நின்றவை இன்னும் இளம் பச்சையோடு மஞ்சளுக்குக் காத்திருந்தன. குளிர் மேலேயிருந்து கீழே இறங்கி வந்த வழியை ஒரு மாம்பழத்தில் பார்ப்பது போலப் பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் மேலே, மரம் முளைக்காத உயரத்தில், வெள்ளை. அந்த வெள்ளை அவ்வளவு கிட்ட இருந்தது. திரைச்சீலையில் இருந்ததைவிட.

பஸ் நின்ற இடம் மலைவிடுதிகளாலான ஒரு சிற்றூர். இரண்டு பருவங்களுக்கு இடையிலான காலம். விடுதிகள் சாத்தியிருந்தன. கதிரைகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தன. கம்பியில் போகிற பெட்டிகள் ஒரு கொட்டகைக்குள் வரிசையாகத் தூங்கின. கடை ஒன்றுமில்லை. ஒரு பூனை வெயிலில் கிடந்தது. இவ்வளவு பெரிய காட்சியைப் போட்டுவிட்டு, ஆட்களுக்குச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது.

காட்டுப் பாதையில் ஏறினோம். பாதை முழுக்க உதிர்ந்த ஊசிகள் மெத்தையாகக் கிடந்தன. நடக்கிற சத்தமே இல்லை. என்னுடைய சுருளின் நுனி மட்டும் பின்னால் இழுபட்டு ஒரு கோடு போட்டுக்கொண்டு வந்தது. மரங்களுக்கு உள்ளே போனதும் வெயில் இலைகளுக்குள்ளால் வடிந்து கீழே வந்தது. காற்றே மஞ்சளாக இருந்தது. என் கை மஞ்சள். சித்தியின் கன்னம் மஞ்சள். சித்தப்பாவின் வெள்ளைச் சட்டை மஞ்சள். பிசின் வாசனை. எங்கோ கீழே தண்ணீர் ஓடுகிற சத்தம். வாயைத் திறந்தால் நிறம் உள்ளே போய்விடும் போலிருந்தது. நான் திறந்துகொண்டுதான் நடந்தேன்.

ஒரு மேட்டில் மரங்கள் விலகின. அங்கே நின்று பார்த்தால் பள்ளத்தாக்கு முழுவதும், அதன் முடிவில் பனியாறும், இரு பக்கமும் அந்தப் பொன்னும். சித்தப்பா நின்றுவிட்டார். பேசவில்லை. அந்த மனிதர் பேசாமல் நிற்பதை நான் அதிகம் பார்த்ததில்லை, அதனால் முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் வைத்திருந்தார். பிறகு பக்கத்துக் கிளையொன்றைப் பிடித்தார், முள்ளைப் பிடிப்பது போலப் பயந்து பயந்து.

"குத்தேல்லை. மெத்தெண்டிருக்கு" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து, யாரிடம் என்று இல்லாமல் சொன்னார்.

"நான் வந்து இவ்வளவு காலமும் இது இஞ்சைதான் நிண்டதோ?"

கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெயில் அப்படி.

நாங்கள் எவ்வளவு நேரம் அங்கே நின்றோம் என்று தெரியாது. எனக்குப் பசி வந்ததை நானே கவனிக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் சித்திதான் பேசினார்.

"தம்பி, அதை விரி."

இரண்டு லேர்ஹெ மரங்களுக்கு நடுவில் திரைச்சீலையைக் கட்டினோம். மஞ்சள் மரங்களுக்கு முன்னால் மஞ்சள் மரங்கள், பனிமலைக்கு முன்னால் பனிமலை. சித்தி கைப்பையிலிருந்து கமராவை எடுத்து, சித்தப்பாவை அதற்கு முன்னால் நிறுத்தினார்.

"உண்மையான மலை பின்னாலை இருக்கு. இதுக்கு முன்னாலை என்னத்துக்கு?" என்றார் சித்தப்பா.

"நான் உங்களுக்கு இப்பிடி நிண்டுதானே படம் அனுப்பினனான். நீங்கள் எனக்கு ஆரின்ரையோ காரைத்தானே அனுப்பினனீங்கள். நில்லுங்கோ. காலைச் சேருங்கோ. கையைக் கட்டாதையுங்கோ, பொலிஸ்காரன் மாதிரி இருக்கு. அன்னத்தை மறைக்காதையுங்கோ."

இரண்டு கையிலும் தடி ஊன்றிக்கொண்டு ஒரு வயதான சுவிஸ் தம்பதி மேலேயிருந்து இறங்கி வந்தார்கள். நின்றார்கள். திரையைப் பார்த்தார்கள். திரைக்குப் பின்னாலிருந்த மலையைப் பார்த்தார்கள். மறுபடி திரையைப் பார்த்தார்கள். அந்தப் பெண்மணி "வடிவு" என்று தன் மொழியில் சொல்லிவிட்டுப் போனார்.

"எதைச் சொன்னவ?" என்று சித்தப்பா கேட்டார்.

நல்ல மொழிபெயர்ப்பாளனாக, தெரியாது என்றேன்.

சித்தி கமராவை அழுத்துகிற நேரம் காற்று வந்தது. முதலில் சத்தம் மட்டும் வந்தது, பள்ளத்தாக்கின் அந்தக் கரையிலிருந்து, கடல் போல. மறுகரை மரங்கள் வரிசை வரிசையாகத் தலை சாய்ப்பது தெரிந்தது. பிறகு அது எங்கள் மேட்டுக்கு வந்தது. எல்லா மரங்களும் ஒரே மூச்சில் ஊசிகளை உதிர்த்தன. மழை என்று சொல்வேன், ஆனால் மழைக்கு எடை உண்டு. இது எடையே இல்லாமல், வெயிலில் மின்னி மின்னி, கீழே விழ மனமில்லாமல் சுற்றிச் சுற்றி இறங்கியது. மலை தெரியவில்லை, வானம் தெரியவில்லை, பொன் மட்டும் ஓடியது. நான் அண்ணாந்துகொண்டு நின்றேன். கண்ணிமையில், உதட்டில், காதுக்குள் எல்லாம் ஊசி. உலகத்தில் எனக்குப் பிடிக்காத ஒன்றும் இல்லை என்று அந்த ஒரு கணம் தோன்றியது. கணக்குப் பாடம் உட்பட.

அந்தக் காற்றில்தான் பாசல் நண்பரின் திரைச்சீலை கப்பல் பாயாக எழும்பியது. ஒரு முடிச்சு அவிழ்ந்தது. மறு முடிச்சும் அவிழ்ந்தது. அன்னம் பறந்தது. உண்மையாகவே பறந்தது, சித்தப்பாவின் தலைக்கு மேலால், கழுத்தை நீட்டிக்கொண்டு. "ஐயோ, இரவல்!" என்று கத்திக்கொண்டு அவர் கல்யாணச் சப்பாத்தோடு சரிவில் ஓடினார். ஓடினார் என்று சொல்வது மரியாதைக்கு. வழுக்கி, உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே ஊசி மெத்தையில் சறுக்கிக்கொண்டு போனார். அன்னம் கழுத்துக் கிழிந்து ஒரு மரத்தில் மாட்டிக்கொண்டது. அவர் அதற்குக் கீழே போய் மாட்டிக்கொண்டார்.

சித்தி சிரித்தார். நின்று சிரித்தார், பிறகு முடியாமல் தரையில் உட்கார்ந்து சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதுவரை கேட்டதில்லை. தலையெல்லாம் பொன்னூசி. கீழேயிருந்து சித்தப்பா அண்ணாந்து பார்த்தார். அவரும் சிரிக்கத் தொடங்கினார். இவ்வளவு பெரிய மலை பக்கத்தில் இருக்கும்போது இரண்டு பெரிய ஆட்கள் ஒரு கிழிந்த சீலையைப் பார்த்துச் சிரிக்கிறார்களே என்று நான் ரோல்ஸைத் திறந்தேன்.

திரும்பும்போது ரயில் மறுபடியும் அந்தச் சுரங்கத்தைக் கடந்து மூடுபனிக்குள் நுழைந்தது. சித்தப்பா சித்தியின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். தூக்கத்தில் பகிடி ஒன்றும் சொல்லவில்லை. அவர் தலைமயிரில் இருந்த ஊசிகளைச் சித்தி ஒவ்வொன்றாக எடுத்தார். கீழே போடவில்லை, கைப்பைக்குள் போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னபடி சித்தி கனடாவுக்குத் தொலைபேசி எடுத்தார். அம்மா சமையலறை வாசலில் அசையாமல் நின்றார். சித்தப்பா குளியலறைக்குள் தண்ணீரைத் திறக்காமல் நின்றார்.

"இல்லை அண்ணை, ரிக்கற் போடாதையுங்கோ" என்றார் சித்தி. "என்ரை படத்திலை இருந்த இடம் இஞ்சை உண்மையாவே இருக்கு. ஓம். நாங்கள் இண்டைக்குப் போனனாங்கள். எங்கையோ? எங்கடை வீட்டுக்குப் பின்னாலைதான்."

உண்மை பேசுவதில் எனக்குப் பெரிய பிடிப்பு கிடையாது, ஆனால் புவியியலில் இருந்தது. "இல்லை மாமா! ரெண்டு ரயில், ஒரு பஸ்!" என்று கத்தினேன். சித்தி மிச்சமிருந்த ஒரு ரோல்ஸை எடுத்து என் வாய்க்குள் திணித்தார். சித்தப்பாவின் பொய் இவருக்கும் தொற்றிவிட்டதே என்று மென்றுகொண்டே கவலைப்பட்டேன். மறுநாள் பெட்டி அலுமாரிக்கு மேலே ஏறிவிட்டது. நான் சோபாவிலேயே தொடர்ந்து தூங்கினேன். கிழிந்த திரைச்சீலையைச் சித்தி தைத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு பாசலில் நடந்த எத்தனையோ கல்யாணப் படங்களில் அன்னத்தின் கழுத்தில் ஒரு தையல் தெரியும்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். காற்று வருவதற்கு முன்னால், திரையைக் கட்டுவதற்கும் முன்னால், சித்தப்பா அந்த மேட்டில் வாயடைத்து நின்ற நேரம். நானும் அவரைப் போலவே மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இடையில் திரும்பினால், சித்தி மட்டும் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பொன்னையும் பனியையும் விட்டுவிட்டு, கிளையைப் பிடித்தபடி நின்ற சித்தப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தேன்.

"சித்தி, மலை அங்காலை."

"தெரியும்" என்றார், திரும்பாமலே.

இவ்வளவு தூரம் கூட்டி வந்து காட்டியும், வீட்டில் ஒவ்வொரு நாளும் பார்க்கிற ஆளையே பார்த்துக்கொண்டு நிற்கிறாரே, பாவம், இவருக்குப் பார்க்கத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு, நான் அவருடைய பங்குக்கும் சேர்த்து மலையைப் பார்த்தேன்.